உறங்கும் உணரி

மாணவர் செய்யும் ரோபோக்களில் எம்பியு-6050 என்னும் அசைவுணரி சில வேளைகளில் பூஜ்யத்தையே காட்டும். பழுதென்று கருதி அதனை எறிந்துவிடுதல் வீண் செலவு. மின்சாரம் பெற்றதும் இச்சில்லு உறக்கநிலையிலேயே இருக்கும். எழுப்புவது இயக்கி நிரலின் கடமை.

முதலில் 117ஆம் பதிவகத்தைப் படிக்க வேண்டும். (எண்கள் யாவும் தசம எண்களே.) 104 என வந்தால் இணைப்பு சரி. வேறு எண் வந்தால், சில்லு வேறாக இருக்கலாம். பலகையில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பலாகாது. பதிலே வராவிடில், கம்பிகளையும் முகவரியையும் சோதிக்க. ஏடி0 முனையில் உயர் மின்னழுத்தம் இருப்பின் முகவரி 104 அன்று, 105.

பின்னர் 107ஆம் பதிவகத்தில் பூஜ்யத்தை எழுதினால் உணரி விழித்தெழும். மேசைமேல் மட்டமாக, அசையாது கிடக்கும்போதும் நிலைக்குத்து அச்சு ஏறத்தாழ 16,384 காட்டும். அசையாத பொருளுக்கு முடுக்கம் ஏது என்று மாணவர் வினவுவர். மேசை அதனை மேல்நோக்கித் தாங்குவதையே உணரி அளக்கிறது.