பழைய பட்டியலில் பெயர் தேடியவர்கள்

வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான எஸ்.ஐ.ஆர். படிவம் வந்ததும் திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் எல்லோரும் எடுத்து நீட்டியது ஆதார் அட்டையைத்தான். ரேஷனுக்கு அது போதும், வங்கிக்கு அது போதும், ஓட்டுக்கு மட்டும் எப்படிப் போதாது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆதார் நாம் யார் என்று சொல்லும். குடியுரிமைக்கு அது சான்றாகாது என்று ஆதார் சட்டத்தின் 9-ஆவது பிரிவே சொல்கிறது. ஓட்டுரிமையோ, அரசியல் சாசனத்தின் 326-ஆவது பிரிவுப்படி, குடிமக்களுக்கு மட்டும் உரியது.

வாக்குச்சாவடியில் இந்தச் சிக்கல் இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால் வாக்காளர் அட்டையைக் காட்டலாம். அது இல்லாவிட்டால் ஆதார், பான் கார்டு, நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய பாஸ்புக் என்று ஏதாவது ஒன்று. பட்டியலில் பெயர் இல்லையென்றால் எந்த அட்டை இருந்தும் பயனில்லை. அந்தப் பட்டியலைத்தான் 2025 நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போய்ப் புதிதாக எழுதினார்கள்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் படிவங்களோடு பலரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மேல்பாதியில் பெயரும் படமும் அட்டை எண்ணும் அச்சாகியிருக்கும். கீழ்ப்பாதியில் இரண்டு கட்டங்கள். கடைசியாக இப்படித் திருத்திய 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் தொகுதி, பாகம் எண், வரிசை எண்ணை இடப்பக்கம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அம்மா, அப்பா அல்லது தாத்தா, பாட்டியின் விவரத்தை வலப்பக்கம் எழுத வேண்டும்.

தண்டராம்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே வாழ வந்த ஒரு பெண், "டீச்சர், லிஸ்ட்ல எங்க ஊரே காணோம்" என்று போனை நீட்டினாள். இன்றைய தொகுதியின் பெயரைப் போட்டுத் தேடியிருந்தாள். 2008 மறுவரையறையில் தண்டராம்பட்டு தொகுதியே இல்லாமல் போனது. கீழ்பென்னாத்தூர் புதிதாக வந்தது. பழைய தொகுதியின் பெயரைப் போட்டு, கணவர் பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரோடு தேடிய பிறகுதான் அகப்பட்டாள். ஆண்களுக்கு இந்த அலைச்சல் பெரும்பாலும் இல்லை. பிறந்த ஊரிலேயே பெயர் இருக்கும். கல்யாணமாகி ஊர் மாறிய பெண்கள்தான் அதிகம் திணறினார்கள்.

பழைய பட்டியலோடு பொருந்தாதவர்களுக்கு நோட்டீஸ் வரும், ஆவணம் கேட்பார்கள். அங்கே பிறந்த தேதிதான் பேசும். 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் தன் சான்றைத் தந்தால் போதும். அதன் பிறகு 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் தாய், தந்தையில் ஒருவரின் சான்றையும், அதற்கும் பின் பிறந்தவர் இருவரின் சான்றையும் சேர்த்துத் தர வேண்டும். ஆதாரையும் ஏற்கும்படி 2025 செப்டம்பர் 8-இல் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அடையாளத்துக்கு மட்டும்.

இந்தத் தேதிகள் குடியுரிமைச் சட்டத்திலிருந்து வந்தவை. முதல் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பே போதும், அதன் பின் பெற்றோரின் குடியுரிமையும் பார்க்கப்படும். மண்டபம் அகதிகள் முகாமில் 1986-இல் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண், மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போராடி இந்திய பாஸ்போர்ட் பெற்றார். 2024 ஏப்ரலில் திருச்சியில் முதன்முறையாக ஓட்டுப் போட்டார். ஒன்றரை ஆண்டு தள்ளிப் பிறந்திருந்தால் அதே முகாமும் அதே பெற்றோரும் இருந்தும் அவருக்குப் பயன் இருந்திருக்காது. எங்கள் மாவட்ட முகாம்களிலும் அப்படித் தள்ளிப் பிறந்தவர்கள் வளர்ந்து பிள்ளை பெற்றுவிட்டார்கள். இந்த மண்ணைத் தவிர வேறு ஊர் அறியாதவர்களுக்கு ஓட்டு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் படுத்துறங்கும் சாதுக்களிடம் கதவிலக்கம் கேட்டு என்ன பயன்? வீடற்றவருக்கு முகவரிச் சான்று கட்டாயமில்லை. அவர் சொன்ன இடத்தில்தான் உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய்ப் பார்த்து உறுதி செய்தால் போதும் என்று தேர்தல் ஆணைய நெறிமுறையே இருக்கிறது. இதை அறிந்த சாது ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

2025 டிசம்பர் 19-இல் வந்த வரைவுப் பட்டியலில் 6.41 கோடி பேர் 5.43 கோடியாகக் குறைந்திருந்தார்கள். இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் போக வேண்டியவைதான். ஆனால் இடம் பெயர்ந்தவர் என்று நீக்கப்பட்ட வாடகை வீட்டுக்காரர் இன்னொரு தெருவில் இருந்தால், அவர் படிவம் 6-உம் உறுதிமொழியும் எழுதி மறுபடி நுழைய வேண்டும். பழைய பட்டியல் அரசிடமே இருக்கிறது. பழைய தொகுதிப் பெயரோடு ஊருக்கு ஊர் ஒட்டி வைப்பதும், பொருத்திப் பார்ப்பதும் அலுவலகத்தின் வேலையாக இருக்க வேண்டும், கூலி வேலையை விட்டுவிட்டு வரும் பெண்ணின் வேலையாக அல்ல.