மாஸ்டர் வெளிநாட்டுக்கு அழைக்கிறார்: கையெழுத்துப் போடும் முன்

முழு ஆண்டுத் தேர்வு முடிவதற்குள்ளேயே கராத்தே வகுப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்பு வந்துவிடும். மே மாதம் கோலாலம்பூரில் பயிற்சி முகாம், கூடவே ஒரு 'சர்வதேச ஓப்பன் சாம்பியன்ஷிப்', பெல்ட் கிரேடிங், பத்துமலை, கெந்திங், கடைசி நாள் இரவு விருந்து. வர விரும்புகிறவர்கள் இந்தத் தேதிக்குள் முன்பணம் கட்டவும். சிலம்பம், டேக்வாண்டோ, கிக்பாக்ஸிங் வகுப்புகளிலும் இதே நடைமுறைதான். மலேசியாவுக்குப் பதில் இலங்கை, தாய்லாந்து, நேபாளம் என்று இடம் மாறும்.

இப்படிப் போய் வருவதில் பிள்ளைகளுக்குக் கிடைப்பது அதிகம். பழக்கமில்லாத எதிராளியோடு குமிதே என்னும் நேரடிச் சண்டை ஆடுவதும், வேறொரு பயிற்சிக் கூடத்தின் ஒழுங்கைப் பார்ப்பதும் உள்ளூர் வகுப்பில் வாய்க்காதவை. ஆனால் விமானம் ஏறும் நாள்முதல் மாஸ்டர் ஒருவரே மூன்று பொறுப்புகளைச் சுமக்கிறார். அவர் பயிற்சியாளர்; பணம் வாங்கிச் சுற்றுலா நடத்துபவர்; பெற்றோர் இல்லாத இடத்தில் பிள்ளைகளின் பாதுகாவலர். முதல் பொறுப்பில் அவர்மேல் வந்த மரியாதையால் மற்ற இரண்டிலும் நாம் வாய் திறப்பதில்லை. 'மாஸ்டரிடம் போய் ரசீது கேட்பதா?' என்ற கூச்சத்தில்தான் பல சிக்கல்கள் தொடங்குகின்றன. சட்டத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. மூன்று பொறுப்புகளுக்கும் அது தனித்தனியாகக் கணக்குக் கேட்கிறது.

எந்தப் போட்டி? யாருடைய அங்கீகாரம்?

பெயரில் 'உலக', 'ஆசிய', 'சர்வதேச' என்று வைத்துக்கொண்டு போட்டி நடத்த யாருக்கும் பெரிய தடையில்லை. கராத்தேவில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் பெற்றது உலகக் கராத்தே கூட்டமைப்பு. அதைத் தவிர 'உலக' என்று பெயர் கொண்ட அமைப்புகள் வேறு பல உண்டு. தேசிய அளவிலும் குழப்பம் இருந்திருக்கிறது. இந்தியக் கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் 2020-இல் ரத்து செய்தது. ஆகவே மாஸ்டரின் சுவரில் தொங்கும் பழைய சான்றிதழ் இன்றைய நிலையைச் சொல்லாது.

பதக்கம் வாங்கினால் கல்லூரியிலோ அரசு வேலையிலோ விளையாட்டு ஒதுக்கீடு கிடைக்கும் என்று ஆசை காட்டினால் இன்னும் கவனம் தேவை. மத்திய அரசுப் பணிக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில், நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியதற்கான சான்று அந்த விளையாட்டின் தேசியச் சம்மேளனத்தின் செயலாளர் தர வேண்டியது. முதுகில் 'இந்தியா' என்று அச்சடித்த சீருடையைத் திருப்பூரில் தைத்துக்கொள்ளலாம். அதனால் போட்டுக்கொண்ட பிள்ளை தேசிய அணி ஆகிவிடாது. மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரப் பட்டியலையும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தையும் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடலாம். அனுபவத்துக்கான ஓப்பன் போட்டி என்றால் அதிலும் தவறில்லை. ஆனால் அப்படித்தான் என்று சொல்லிக் கூட்டிப்போக வேண்டும்.

பணம் யார் கணக்குக்குப் போகிறது?

வகுப்பின் பெயரிலோ பயண நிறுவனத்தின் பெயரிலோ உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்புங்கள். மாஸ்டரின் மனைவி பெயரில் ஜிபே எண் வந்தால் காரணம் கேளுங்கள். ரசீதில் விமானம், விடுதி, உணவு, போட்டி நுழைவு, கிரேடிங், காப்பீடு என்று செலவு பிரித்துக் காட்டப்பட வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர் வாங்குபவரிடமிருந்து டிசிஎஸ் என்னும் வரியை வசூலித்து, உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். அதை வருமான வரிக் கணக்கில் நீங்கள் ஈடுகட்டிக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். வரிப் பிடித்தம் என்று பணம் வாங்கிவிட்டு அது உங்கள் வரிக் கணக்கில் ஏறவே இல்லை என்றால், அந்தத் தொகை எங்கே போனது என்று கேட்க வேண்டியிருக்கும்.

பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் ஆதாரம்தான், அழித்துவிடாதீர்கள்.

அந்த ஒப்புதல் படிவம்

'பயணத்தில் எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பது வழக்கம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. பிள்ளை போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை. பெற்றோர் போட்டாலும், பொதுக்கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்று அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. குமிதேயில் இயல்பாக ஏற்படும் சுளுக்கு வேறு, தலைக்கவசமும் முதலுதவியும் இல்லாமல் சண்டைக்கு இறக்கியதால் வந்த காயம் வேறு. இரண்டாவதற்கு அந்தத் தாள் முழுக் கவசம் ஆகாது.

கையெழுத்துப் போட மறுக்க வேண்டியதில்லை. 'அலட்சியத்தால் நேரும் தீங்குக்கு இது பொருந்தாது' என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவசர சிகிச்சைக்கான சம்மதம், ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள்.

பாஸ்போர்ட்டும் பெட்டியும்

பிள்ளைகளின் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து ஆண்டுதான் செல்லும். மலேசியாவும் தாய்லாந்தும் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்கின்றன. இது தெரியாமல் விமான நிலையத்திலிருந்தே திரும்பிய குடும்பங்கள் உண்டு. மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கை 2023 டிசம்பரில் தொடங்கி 2026 இறுதிவரை நீட்டித்திருக்கிறது. ஆனால் போய்ச் சேர்வதற்கு மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம், கட்டணம் கேட்கும் இணையதளம் போலி. விதிகள் மாறக்கூடியவை என்பதால், முன்பணம் கட்டும்போது ஒரு முறையும் கிளம்பும் முன் ஒரு முறையும் அரசுத் தளத்தில் பாருங்கள். பெற்றோர் உடன்வராத பிள்ளையின் கையில், நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம் இருப்பது நல்லது.

குழுவின் பாஸ்போர்ட்டுகளை மாஸ்டர் மொத்தமாக வாங்கி வைப்பது பத்திரத்துக்காக இருக்கலாம். ஆனால் 'பாக்கி கட்டினால்தான் தருவேன்' என்று பிடித்துவைக்க அவருக்கு உரிமையில்லை. பாஸ்போர்ட்டை முடக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மட்டுமே உண்டு, காவல்துறைக்குக்கூட இல்லை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நுன்சாக்கு, சாய், சிலம்பக் கம்பு எதையும் கைப்பையில் எடுத்துப்போக முடியாது. போகும் நாட்டில் அவற்றுக்குத் தடை உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். 'அங்கே ஒரு நண்பருக்குக் கொடுக்கணும்' என்று யார் தரும் பொட்டலத்தையும் பிள்ளையின் பெட்டியில் வைக்க விடாதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மரண தண்டனை வரை உண்டு. பெட்டி யாருடையதோ, முதல் கேள்வி அவரிடம்தான்.

காயமும் காப்பீடும்

'டிராவல் இன்சூரன்ஸ் உண்டு' என்பதோடு திருப்திப்படாதீர்கள். பல பாலிசிகள் போட்டி விளையாட்டில் நேரும் காயத்தை விலக்கி வைத்திருக்கும். கராத்தே போட்டியில் எலும்பு முறிந்தால் பணம் தருவீர்களா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றே மீண்டும் களத்தில் இறக்கக் கூடாது. வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம், விடாத தலைவலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எடைப் பிரிவில் இறங்குவதற்காகத் தண்ணீரைக் குறைத்து, போர்த்திக்கொண்டு ஓடவைப்பது வெப்ப நாடுகளில் உயிருக்கே ஆபத்து. முகாமில் முதலுதவி தெரிந்தவர் யார், பக்கத்து மருத்துவமனை எது என்ற இரண்டுக்கும் மாஸ்டரிடம் பதில் இருக்க வேண்டும்.

விருந்தும் விடுதி அறையும்

பயணத்தின் மிக மகிழ்ச்சியான பகுதி கடைசி இரவு விருந்து. கண்காணிப்பு மிகவும் தளர்வதும் அன்றைக்குத்தான். மது வாங்கும் வயது மலேசியாவிலும் இலங்கையிலும் 21, தாய்லாந்தில் 20. குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு நம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பொறுப்பில் இருக்கும் பெரியவர்கள் அன்றிரவு குடிக்க மாட்டார்கள் என்று பயண விதிகளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

2021-இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவரும் தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் ஒருவரும் பாலியல் புகார்களில் கைதானார்கள். பயிற்சியாளர்கள் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. நல்லவரையும் சேர்த்துக் காப்பதற்குத்தான் விதிகள். எந்தப் பிள்ளையும் பெரியவர் ஒருவருடன் அறையில் தனியாக இருக்கக் கூடாது. பெண் பிள்ளைகள் போனால் பெண் பொறுப்பாளர் ஒருவராவது உடன் போக வேண்டும். மசாஜ், எடை பார்ப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் மற்றவர் முன்னிலையில். தினமும் ஒரு முறை பிள்ளை வீட்டுக்குத் தனியாகப் பேச வேண்டும்.

18 வயதுக்கு உட்பட்டவர்மீதான பாலியல் குற்றத்துக்குப் போக்சோ சட்டம் பொருந்தும். தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே குற்றம். தன் கீழுள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. வயது வந்த மாணவிகளுக்கு 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் துணை நிற்கும். விளையாட்டுப் பயிற்சி நிலையமும் போட்டி நடக்கும் இடமும் அந்தச் சட்டத்தின் 'பணியிடம்' என்ற வரையறைக்குள் வருகின்றன. சிறிய வகுப்பில் உள்புகார்க் குழு இருக்காது. மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம்.

தவறு நடந்துவிட்டால்

வெளிநாட்டில் இருக்கும்போதே: பாஸ்போர்ட் தொலைந்தால் உள்ளூர் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, இந்தியத் தூதரகத்தில் ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் வாங்கலாம். பிள்ளைகள் கைவிடப்பட்டாலோ யாராவது கைதானாலோ தூதரகத்தையும், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தையும் அணுகுங்கள்.

பணத்தில் ஏமாற்றம், சொன்ன சேவை இல்லை என்றால்: முதலில் எழுத்தில் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்கீழ் காவல்துறையில் புகார் தரலாம்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால்: நிறுவனத்தின் குறைதீர் பிரிவில் முதலில் புகார். முப்பது நாளில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் கட்டணமின்றி விசாரிப்பார்.

பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்திருந்தால்: 1098 குழந்தைகள் உதவி எண், அல்லது எந்தக் காவல் நிலையமும். 'வெளிநாட்டில் நடந்தது, இங்கே எடுக்க முடியாது' என்று திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்தையும் இங்கே நடந்ததுபோல எடுத்துக்கொள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 208-ஆம் பிரிவு வழி தருகிறது. நீதிமன்ற விசாரணைக்குத்தான் மத்திய அரசின் முன் அனுமதி தேவை, புகாரைப் பதிவதற்கு அல்ல. பிள்ளையின் பெயரோ படமோ வெளியே வரக் கூடாது என்பதும் சட்டம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி எழுதாதீர்கள்.

இவற்றைத் தனி ஆளாகக் கேட்கத் தயங்கினால் பெற்றோர்கள் சேர்ந்து கேளுங்கள். முன்பணம் கட்டும் தேதிக்கு முன்னால் ஒரு கூட்டம் போதும். அதில் மாஸ்டர் சொன்னதை எழுதி, அவருக்கே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். பொறுப்பான மாஸ்டர் கோபப்பட மாட்டார். பதில்கள் அவரிடம் முன்பே தயாராக இருக்கும். கேட்டதற்காக உங்கள் பிள்ளையின் பெல்ட் தள்ளிப்போகும் என்றால், பயணத்தை மட்டுமல்ல, வகுப்பையே மாற்றிக்கொள்ளலாம்.