உங்க பள்ளி பி.டி. மாஸ்டருக்கும் 1890 ஃபுட்பால் சீசனுக்கும் என்ன தொடர்பு?

திருவண்ணாமலையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பி.டி. பீரியடு என்றால் பிள்ளைகள் முகமே மாறிவிடும். பல நாள் அந்தப் பீரியடை கணக்கு சார் வாங்கிக்கொள்வார் என்பது வேறு கதை. விளையாட்டுக்கு என்று தனி ஆசிரியர், அவருக்கு என்று தனி படிப்பு. இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது தெரியுமா? தேடிப் போனால் அமெரிக்காவில் ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் ஃபுட்பால் டீமில் போய் நிற்கிறது.

யார் அந்த டீம்?

மாசசூசெட்ஸ் மாகாணத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் ஒய்.எம்.சி.ஏ. ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தியது. ஜிம்களில் உடற்பயிற்சி சொல்லித்தரப் போகிறவர்களை உருவாக்குவதுதான் அதன் வேலை. 1890-ல் ஏல் பல்கலைக்கழகத்தின் நட்சத்திர வீரர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் இங்கே வந்து முதல் ஃபுட்பால் டீமை அமைத்தார். கோச்சும் அவர்தான், களத்தில் இறங்கி ஆடியதும் அவர்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது நாம் காலால் உதைத்து ஆடும் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதி முன்னேறுகிற அமெரிக்க ஃபுட்பால். எலும்பு முறிவெல்லாம் அப்போது சகஜம். சென்டர் இடத்தில் ஆடிய கனடாக்காரர் ஒருவர், காதைக் காப்பாற்ற தலைக்குத் தானே ஒரு கவசம் செய்து போட்டுக்கொண்டார். அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்.

அந்த சீசனின் பெரிய மேட்ச் 1890 டிசம்பரில், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்குள்ளே நடந்தது. கூரைக்கு அடியில் ஃபுட்பால் என்பதே அப்போது புதுசு. எதிரணி? ஸ்டாக் படித்த அதே ஏல். அன்றைய ஜாம்பவான் அணி. சின்னப் பள்ளியின் டீம் 16-10 என்று தோற்றது. ஆனால் அது வெறும் 6 புள்ளி வித்தியாசம்தான்.

அடுத்த வருஷம் என்ன ஆச்சு?

ஃபுட்பால் சீசன் முடிந்தால் குளிர்காலம். வெளியே பனி, உள்ளே சலிப்பூட்டும் டிரில். மாணவர்கள் முரண்டு பிடித்தார்கள். 'உள்ளேயே ஆட ஒரு விளையாட்டு கண்டுபிடி' என்று அங்கே ஆசிரியராகிவிட்ட நெய்ஸ்மித்திடம் சொன்னார் துறைத் தலைவர் லூதர் குலிக். 1891 டிசம்பரில் பீச் பழக்கூடை இரண்டை பால்கனியில் மாட்டி, 13 விதிகள் எழுதி, 18 மாணவர்களை ஆட விட்டார் நெய்ஸ்மித். அதுதான் பாஸ்கெட்பால். பந்தோடு ஓடக் கூடாது, தோளால் இடிக்கக் கூடாது என்ற விதிகளைப் பாருங்கள். ஃபுட்பாலில் அடிபட்டவர் எழுதினது என்று புரியும்.

சென்னைக்கு எப்படி வந்தது?

இதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர் ஹாரி குரோ பக். 1919-ல் மெட்ராஸ் வந்தார். 1920-ல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான ஒய்.எம்.சி.ஏ. பள்ளியைத் தொடங்கினார். இன்று சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் பக்தான்.

அதற்கு முன்னால் இங்கே விளையாட்டே இல்லையா? இருந்தது. திருவண்ணாமலைக்கு 1896-ல் வந்து சேர்ந்த ரமண மகரிஷியே, மதுரையில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது ஃபுட்பாலில் கெட்டிக்காரர். பந்து வந்துவிட்டது. அதைச் சொல்லித்தருவதைத் தொழிலாகப் படித்த ஆசிரியர்கள்தான் பிறகு வந்தார்கள். பயிற்சி முடித்தவர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போனார்கள். ஒரு கல்லூரி டீமின் ஆட்டம் சீசனோடு முடியும். ஆசிரியர் கல்லூரியில் ஆடியவரோ அதை முப்பது வருஷம் வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோவார்.

இப்போது என்ன சிக்கல்?

அந்த முப்பது வருஷ வேலை இன்று எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 2012-ல் தமிழ்நாடு அரசு உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தது. 2023-ல் அறிவித்த உயர்வோடு அது 12,500 ரூபாய் ஆனது. பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் சென்னையில் பலமுறை போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரத்தில் சில அரை நாள் மட்டுமே வேலை என்பதால், அவர் வராத நாளில் பந்து அறையிலேயே பூட்டிக் கிடக்கும். பீரியடு கணக்கு சாருக்குப் போகும்.