பூவரசம் பீப்பீயும் வாத்துக் குழலும்

மினசோட்டாவில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் போன மாதம் போனில் கேட்டான்: "ஆபீஸ்ல எல்லாரும் வாத்து வேட்டைக்குக் கூப்பிடுறாங்கடா. குழல் ஒண்ணு வாங்கணுமாம். நீதான் அங்க இருந்தப்ப ஊதிக்கிட்டே திரிஞ்சியே, எது வாங்கலாம்?" அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. அதுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே ஒன்று. நம்ம ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, பொறி வைப்பது, கலைத்து ஓட்டுவது, இரை போட்டு வரவழைப்பது, இதற்கான முயற்சிகள் எல்லாமே அடங்கும். ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் புள்ளிமூக்கு வாத்துகள் மிதப்பதைப் பார்க்கலாம்; பார்ப்பதோடு சரி. அமெரிக்காவில் கனடா வாத்து வேட்டை பருவம், எண்ணிக்கை, உரிமம் என்று கணக்கு வைத்து அனுமதிக்கப்பட்ட ஒன்று. அங்கே குழல் முக்கியம். ஏனென்றால் பழக்கிய உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றதை வரவழைப்பதை 1935இலேயே தடை செய்துவிட்டார்கள். பதிவு செய்த ஒலியைப் போடவும் கூடாது (சில காலங்களில் மட்டும் விலக்கு உண்டு). ஆக, மனிதன் தன் மூச்சால்தான் கூப்பிட வேண்டும்.

கட்டிவைத்த பறவையைக் காட்டி இனத்தைப் பிடிக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் அந்தக் கட்டிவைத்த உயிருக்குப் 'பார்வை' என்று பெயர். எங்கள் பெரியப்பா சின்ன வயதில் கூண்டுக் கௌதாரியை வேலிக்காட்டில் வைத்துவிட்டு, அது சோம்பிக் கிடந்தால் தானே வாயால் கத்துவாராம். அவர் பிறகு வருகிறார்.

சரி, ஷார்ட் ரீட் குழல் என்றால் என்ன? கையகலம்தான் இருக்கும். வாய் வைக்கிற பக்கம் பேரல் என்ற கூடு. அதற்குள் செருகியிருப்பது இன்சர்ட். இன்சர்ட்டின் உள்முனையில் டோன் போர்டு என்று வாய்க்கால் வெட்டிய ஒரு சிறு மேடை. அதன்மேல் மைலார் என்கிற பாலியெஸ்டர் படலத்தில் வெட்டிய ஒரு குட்டி நாக்கு. நாக்கு நழுவாமல் இருக்க ஒரு ஆப்பு. அவ்வளவுதான் மொத்த இயந்திரம்.

பூவரச இலையைச் சுருட்டி முனையை நசுக்கி ஊதினவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். ஆனால் பூவரசம் பீப்பீயும் நாதஸ்வரத்துச் சீவாளியும் இரட்டை நாக்குச் சாதி. இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். வாத்துக் குழல் ஒற்றை நாக்கு. கிளாரினெட்டும் ஒற்றை நாக்குதான், ஆனால் அதில் உதடு நாக்கைத் தொட்டு அடக்கும். நம்மிடம் இருப்பதில் நெருங்கிய சொந்தம் மகுடி. அதிலும் ஒற்றை நாக்கு சுரைக்குடுக்கைக்குள் ஒளிந்திருக்கும், உதட்டுக்கு எட்டாது. உதடு எட்டாவிட்டால் எல்லாவற்றையும் காற்றால்தான் செய்ய வேண்டும். இந்தக் குழலின் சிரமம் முழுக்க அங்கேதான்.

டோன் போர்டின் மேல்பரப்பு தட்டையாக இல்லாமல் லேசாக வளைந்திருக்கும். மெதுவாக ஊதினால் நாக்கு முழு நீளத்துக்கு அதிரும், கீழ்க்குரல் வரும். அழுத்தம் கூடும்போது நாக்கு அந்த வளைவின்மேல் படிந்து, அதிர்கிற நீளம் குறைகிறது. குரல் சட்டென்று மேலே தாவும். பிசுபிசுவென்று ஏறாது, உடைந்து தாவும். கனடா வாத்தின் 'ஹ-ராங்க்' என்ற இரண்டு படிக் குரல் இந்த உடைவுதான். பறவைகளிலேயே ஆணின் குரல் தாழ்ந்தது, பெண்ணின் குரல் உயர்ந்தது. ஜோடி மாற்றி மாற்றிக் கத்தும்போது தூரத்தில் ஒரே பறவை மாதிரி கேட்கும்.

இனி வாங்குகிற கதை. கடையில் பளபளவென்று அக்ரிலிக் குழல்கள் நூறு டாலருக்கு மேல் அடுக்கியிருக்கும். முதல் குழலுக்கு அது வேண்டாம். வார்த்தெடுத்த பாலிகார்பனேட் குழல் போதும். விலை அதில் ஒரு பங்குதான். அக்ரிலிக்கின் குரல் கூர்மையாக, சத்தமாக இருக்கும். திறந்தவெளிக் காற்றில் அது உதவும். மரம் இதமாக ஒலிக்கும், ஆனால் ஈரம் குடித்து உப்பும். குரலைத் தீர்மானிப்பது கூடல்ல, உள்ளே இருக்கிற டோன் போர்டும் நாக்கும். அதனால் கூட்டுக்குக் காசைக் கொட்டாமல் மெல்லிய மூச்சுக்கே வாய் திறக்கிற குழலாகப் பாருங்கள். கடையில் ஊத விட்டால் மெதுவாக ஊதிப் பாருங்கள், ஓங்கி ஊதாதீர்கள். ஓங்கி ஊதினால் எந்தக் குழலும் கத்தும். நீளமான ஃப்ளூட் வகைக் குழலைக் கற்பது சுலபம் என்பார்கள். உண்மைதான், ஆனால் நாலு வார்த்தைக்கு மேல் அது பேசாது.

இன்னொன்று: வாங்கின முதல் நாளே நாக்கைக் கழற்றிச் சீவாதீர்கள். எனக்கு எதையும் பிரித்துப் பார்க்காமல் தூக்கம் வராது. முதல் குழலை அப்படித்தான் பாழாக்கினேன். கழற்றியே ஆக வேண்டுமென்றால் நாக்கு உட்கார்ந்திருந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். மயிரிழை வெளியே நகர்ந்தால் குரல் தாழும், உள்ளே போனால் ஏறும். எச்சில் பட்டு நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு ரூபாய் நோட்டை அடியில் விட்டு இழுத்தால் போதும். அங்கே டாலர் நோட்டு, இங்கே பத்து ரூபாய். குழலுக்கு வித்தியாசம் தெரியாது.

ஊதும் முறை. கன்னம் உப்பக்கூடாது. கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க 'ஹா' என்று ஊதுவோமே, அந்தச் சூடான காற்று, அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். குழலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, மற்ற விரல்களை இன்சர்ட்டின் வெளிவாயைச் சுற்றிக் கிண்ணம் போலக் குவியுங்கள். அந்தக் கிண்ணத்தை மூட மூடக் காற்றுக்கு எதிர்ப்பு கூடும், நாக்கு கட்டுக்குள் வரும். புதிதாக ஊதுபவர்கள் கையைத் திறந்து வைத்துக்கொண்டு "கீச்சுங்குது"ன்னு குழலைத் திட்டுவார்கள்.

முதல் வாரம் கீழ்க்குரல் மட்டும். முனகல் மாதிரி, உடையாமல், நடுங்காமல், மூச்சு தீரும்வரை. இது அலுப்பாக இருக்கும், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். அது நின்ற பிறகு அதே மூச்சின் கடைசியில் ஒரு அழுத்தம்: 'ஹு-விட்'. கடைசி 'ட்' நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக் காற்றை வெட்டுவது. வெட்டாவிட்டால் குரல் வழிந்துகொண்டே போகும். இந்த 'ஹு-விட்'டைச் சுருக்கினால் கிளக். அதை வேகமாக இரட்டித்தால் இரட்டைக் கிளக். முனகலும் கிளக்கும் கைவந்தால் வாத்து பேசுகிற பெரும்பகுதி கைவந்த மாதிரி. தினமும் கால் மணி நேரம், காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு. அபார்ட்மெண்டில் ஊதினால் என்னாகும் என்பதைக் கீழ்வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆனால் சத்தம் வந்துவிட்டால் மட்டும் போதாது. எப்போது எதைச் சொல்வது? நான் இருந்தது ராசெஸ்டர். அங்கே சில்வர் லேக் என்ற ஏரி, மின்நிலையத்தின் வெதுவெதுப்பான நீரால் பனிக்காலத்திலும் உறையாமல் இருந்தது. அழிந்துபோனதாகவே நம்பியிருந்த ராட்சதக் கனடா வாத்து என்ற உள்ளினத்தை 1962 ஜனவரியில் ஹெரால்ட் ஹான்சன் என்ற விஞ்ஞானி மறுபடி அடையாளம் கண்டது அந்த ஏரியில்தான். நான் குழலைப் பையிலேயே வைத்துக்கொண்டு அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டேன். மேயும்போது ஒரு பேச்சு, பறக்கப் போகுமுன் ஒரு பேச்சு, ஜோடி கண்ணில் படாதபோது வேறு ஒன்று. வீடியோக்களில் கிடைக்காதது அது.

சக ஊழியர் ஒருவரோடு ஒரே ஒருமுறை வேட்டைக்குப் போனேன், மக்காச்சோளம் அறுத்த காட்டுக்கு. துப்பாக்கி அவரிடம், குழல் என்னிடம். முதல் கூட்டம் என் ஒரு கீச்சுக் குரலுக்கு மேலேறிப் போய்விட்டது. இரண்டாவது கூட்டம் திரும்பியது. இறக்கையை விறைத்துக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு, நான் முனக முனக இறங்கியது. எனக்குக் கை நடுங்கியது. மூணு மாசப் பயிற்சி பலித்த சந்தோஷம். இரண்டு விழுந்தன. மற்றவை போன பிறகு ஒன்று மட்டும் திரும்பி வந்து எங்கள் தலைக்குமேல் வட்டமடித்தது. அது கத்திய குரல் எனக்கு அர்த்தத்தோடு தெரிந்த குரல். ஏரிக்கரையில் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதற்கு என் குழலில் பதில் இருந்தது. ஊதவில்லை. அந்த வாத்துகள் ஆயுளுக்கும் ஒரே ஜோடியோடு இருப்பவை என்பதைப் படித்துத்தான் வைத்திருந்தேன்.

நண்பா, உன்னைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே அந்த வாத்துகள் இப்போது ஏராளம், சட்டமும் விடுகிறது, சுட்டதைச் சாப்பிடவும் செய்கிறார்கள். நான் மறுபடி போகவில்லை, ஊதுவதை விடவுமில்லை. அது மட்டும்தான் என் கணக்கு.

ஊருக்கு வந்தபோது அணைக்கரையில் பெரியப்பாவுக்கு ஊதிக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கத்துது. எதுக்குக் கத்துது?" என்றார். விளக்கினேன். "அப்ப கூட்டுக் கௌதாரி மாதிரிதான். அது சண்டைக்குக் கூப்பிடும், இது சாப்பிடக் கூப்பிடுது" என்றார். கூண்டை எப்போது விட்டீர்கள் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் குழலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இந்தக் குளிர்காலத்தில் கூந்தன்குளம் போகிறேன். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகிற இடம். அவற்றின் குரல் வேறு, மூக்கால் இழுக்கிற 'ஆங்… ஆங்'. குழல் வீட்டில் இருக்கும். நோட்டுப் புத்தகம் மட்டும் எடுத்துப் போகிறேன்.