மேலே ஊற்றிய நீர் அடியில் பாகாகும் கேக்

கேக் செய்வதென்றால் அரை டசின் முட்டை, ஒரு பெட்டி பட்டர், மேலே பூச ஐசிங் என்று கணக்குப் போட்டு, "இது நமக்குக் கட்டுப்படியாகாது" என ஒதுங்கிவிடுகிறோம். முட்டை ஒன்றுகூட இல்லாமல், தனக்கு வேண்டிய பாகைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் கேக் ஒன்று உண்டு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளின் வீடுகளில் நன்கு பழக்கமான சொக்லேட் புடிங் இது. மேலே மெதுமையான கேக். கரண்டியை உள்ளே விட்டால் அடியில் சூடான சொக்லேட் பாகு.

ஆனால், இதனை முதன்முறை செய்பவர் ஓரிடத்தில் திகைத்து நிற்பார். தயாரித்த மாக்கலவையின் மீது இரண்டு கோப்பைக்குச் சற்றுக் குறைவான கொதிநீரை ஊற்றும் இடம் அது. நாமும் அவ்விடத்தில் பயந்தோம். "இவ்வளவு நீரா?" என்று பாதியைக் குறைத்தோம். கிடைத்தது பாகில்லாத வறட்டுக் கேக். பட்டரும் கொக்கோவும் வீணாயின. செய்முறையை வாசித்திருந்தோம், அதன் காரணத்தை அறிந்திருக்கவில்லை. ஆகவே இங்கு இரண்டையும் சேர்த்தே தருகிறோம்.

தேவையானவை

250 மில்லிலீற்றர் கொள்ளும் கோப்பையால் அளந்துகொள்ளுங்கள். இது ஆறு பேருக்குப் போதும்.

கேக்குக்கு: கோதுமை மா 1 கோப்பை (150 கிராம்), பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, கொக்கோத் தூள் 2 மேசைக்கரண்டி, சீனி ½ கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை, பால் ½ கோப்பை, உருக்கிய பட்டர் அல்லது மாஜரீன் 60 கிராம், வனிலா 1 தேக்கரண்டி.

பாகுக்கு: சிவப்புச் சீனி ¾ கோப்பை, கொக்கோத் தூள் 2 மேசைக்கரண்டி, கொதிநீர் 1¾ கோப்பை.

சிவப்புச் சீனிக்குப் பதிலாகத் துருவிய கித்துள் கருப்பட்டியையோ பனங்கட்டியையோ சேர்க்கலாம். ஆனால், குடிப்பதற்கென விற்கப்படும் சொக்லேட் தூளைக் கொக்கோவுக்குப் பதிலாகப் போடாதீர்கள். அதில் பெரும்பங்கு சீனியே, நிறமும் கசப்பும் போதாது, பாகும் தடிக்காது.

செய்முறை

1. அவணை 180 பாகை செல்சியசுக்குச் சூடாக்குங்கள். ஏறத்தாழ 2 லீற்றர் கொள்ளும் ஆழமான பாத்திரத்தில் பட்டர் பூசுங்கள். அடித்தட்டுக் கழலும் கேக் ரின் கூடாது, நீர் ஒழுகிவிடும்.

2. மா, பேக்கிங் பவுடர், கொக்கோ, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து அரித்து, சீனியைக் கலவுங்கள். பால், பட்டர், வனிலா ஆகியவற்றை விட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள். கலந்தவுடன் நிறுத்திவிடுங்கள், அதிகம் அடித்தால் கேக் இறுகும். கலவையைப் பாத்திரத்தில் சமமாகப் பரப்புங்கள்.

3. சிவப்புச் சீனியையும் மிகுதிக் கொக்கோவையும் கலந்து, அதன்மேல் தூவுங்கள்.

4. கரண்டியொன்றைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் கொதிநீரை மெதுவாக ஊற்றுங்கள். மாக்கலவை குழிந்து கரையாதிருக்கவே இவ்வேற்பாடு. இதன்பின் கிளறக் கூடாது.

5. 35 முதல் 40 நிமிடம் வரை வேகவிட்டு இறக்கி, 10 நிமிடம் ஆறவிடுங்கள். பாகு தடிப்பது இந்த 10 நிமிடத்திலேதான்.

உள்ளே நடப்பது என்ன?

தொடக்கத்தில் மாக்கலவை நீரைவிடப் பாரமானது. எனவே அடியில் கிடக்கிறது. சூடு ஏறியதும் பேக்கிங் பவுடரிலிருந்து காபனீரொட்சைட்டு வாயு வெளிப்படுகிறது. அதன் குமிழிகள் நிறைந்த கலவை இலேசாகி மேலெழுகிறது. சீனி கரைந்த நீரோ வெறும் நீரைவிடப் பாரமானது. அது ஓரங்களாலும் இடைவெளிகளாலும் கீழிறங்குகிறது. மேலே வந்த மாவிலுள்ள மாப்பொருள் வெந்து, குமிழிகளோடு இறுகிக் கேக்காகிறது. கொக்கோத் தூளிலும் மாப்பொருள் உண்டு. அதுவும் கலவையிலிருந்து கரைந்த சிறிதளவு மாவும் சேர்ந்து கீழிறங்கிய நீரைப் பாகாக்குகின்றன.

இதை விளங்கிக்கொண்டால் பிழைகளையும் விளங்கிக்கொள்ளலாம். நீரைக் குறைத்தால் கேக்கே அதை உறிஞ்சிவிடும். குளிர்நீர் ஊற்றினால் சீனி கரையவும் கலவை சூடாகவும் தாமதமாகும். பேக்கிங் பவுடர் பழுதாயிருந்தால் கலவை எழாது. நமது ஈரக் காலநிலையில் திறந்து வைத்த பேக்கிங் பவுடர் விரைவில் பழுதடையும். ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் நல்லது.

இன்னொரு பிழையையும் நாம் செய்திருக்கிறோம். வெந்ததா என அறிய ஈர்க்கை அடிவரை குத்தினோம். அது ஈரமாகவே வந்தது. வேகவில்லை என்றெண்ணி மேலும் அரைமணி நேரம் விட்டோம். பாகு முழுவதும் வற்றிவிட்டது. ஈர்க்கை மேற்புறத்தில் ஓர் அங்குலத்துக்குள் மட்டும் குத்திப் பார்க்க வேண்டும்.

அவண் இல்லாத வீட்டில்

அடிகனத்த பெரிய சட்டியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, மூடி, 15 நிமிடம் சூடாக்குங்கள். கேக் பாத்திரத்தை மணல்மேல் வைத்து, தட்டையான தகர மூடியால் சட்டியை மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலைப் பரப்புங்கள். அடித்தீ மிதமாக இருக்கட்டும். அடியில் மட்டும் சூடு கொடுத்தால் மேற்பகுதி இறுகாது. நேரம் அடுப்புக்கு அடுப்பு வேறுபடும். 35 நிமிடத்தின்பின் திறந்து பாருங்கள். தணல் எரியும்போது கதவு, யன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

மாத்தளை, கண்டி, குருணாகல் மாவட்டங்களில் கொக்கோ விளைகிறது. குருணாகலில் தென்னைக்கு ஊடுபயிராகவும் நிற்கிறது. விதையைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, அரைத்து, கொழுப்பைப் பிழிந்தெடுத்த பின்னரே தூள் கிடைக்கிறது. கொழுப்பைப் பிழியும் பொறிக்கு ஒல்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828இல் காப்புரிமை பெற்றனர். இத்தனை உழைப்பைக் கடந்து வரும் தூளை வீணாக்குவது யாருக்கும் மனமில்லாத காரியம்.

சீனிப்பாகு கொதிநீரைப் போல வழிந்தோடாது. தோலில் ஒட்டிச் சுடும். ஆகையால் பிள்ளைகளுக்கு ஆறவைத்தே கொடுங்கள். அதற்காக மறுநாள்வரை வைக்கவும் வேண்டாம். நேரம் செல்லச் செல்லக் கேக் பாகைக் குடித்துவிடும். செய்த அன்றே, வீட்டார் எல்லோரும் கூடியிருக்கும் வேளையில் பரிமாறுங்கள். நீரை மட்டும் குறைக்காதீர்கள்.