பழைய காபி மெஷின் வாங்கப் போறீங்களா? 20 நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீங்க!

திருவானைக்காவல்:-

திருச்சிக்காரர்களுக்கு காபி இல்லாமல் பொழுது விடியாது. பித்தளை பில்டரும், டபரா செட்டும் இல்லாத வீடு திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் பக்கம் அபூர்வம். இப்போது சில வீடுகளில் அந்த பில்டருக்குப் பக்கத்தில் எஸ்பிரஸோ காபி மெஷினும் இடம் பிடிக்கத் தொடங்கி இருக்கிறது.

புது மெஷின் என்றால் கையைக் கடிக்கும். அதனால் "ரீபர்பிஷ்டு" என்று சொல்லப்படும், பழுது பார்த்து மறுபடி விற்பனைக்கு வரும் மெஷின்களைத் தேடுகிறவர்கள் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, துபாயில் இருந்து ஊர் திரும்புகிறவர்கள் கொண்டு வந்து விற்பதும் உண்டு. பாதி விலைக்கு நல்ல பொருளும் கிடைக்கும். மாட்டிக்கொண்டால் ஒரு மாத சம்பளமும் போகும். வாங்கும் முன் பார்க்க வேண்டிய விவரம் வருமாறு:-

கல்யாண வீட்டு காபி வேறு, இது வேறு

கல்யாண மண்டபத்தில் "புஸ்ஸ்" என்று நுரை பொங்க ஒரு காபி தருவார்களே, அதை நாம் எஸ்பிரஸோ என்கிறோம். அது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூள் போட்ட பாலை நீராவியால் நுரைக்க வைப்பதுதான்.

அசல் எஸ்பிரஸோ இத்தாலி நாட்டு சரக்கு. 1901-ல் மிலான் நகரைச் சேர்ந்த லூயிஜி பெசெரா இதற்கான மெஷினுக்கு காப்புரிமை கேட்டார். இறுக்கி அடைத்த காபிப் பொடிக்குள் 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை சுமார் 9 பார் அழுத்தத்தில் தள்ள வேண்டும். 25 முதல் 30 விநாடிக்குள் கெட்டி டிகாஷன் இறங்கும். பைக் டயருக்கு நாம் அடிப்பது 30 பவுண்டு காற்று. 9 பார் என்றால் சுமார் 130 பவுண்டு! அந்த அழுத்தத்தைக் கொடுப்பது உள்ளே இருக்கும் பம்ப்.

பம்ப் இல்லாமல் நீராவியிலேயே ஓடும் மலிவு மெஷின்களும் உண்டு. அதில் இந்த அழுத்தம் வராது. அதனால் "பம்ப் இருக்கா, நீராவியா?" என்பதுதான் முதல் கேள்வி. அட்டைப் பெட்டியில் 15 பார், 20 பார் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். காபிக்கு 9 பார் போதும்.

எமன் உப்புத் தண்ணீர்தான்

திருவானைக்காவல் பஞ்சபூத தலங்களில் நீருக்கு உரிய தலம். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். ஆனாலும் எல்லா வீட்டு போர்வெல் தண்ணீரும் மெஷினுக்கு ஒத்து வராது. கடினத் தண்ணீர் சூடானால் வெள்ளையாக உப்பு படியும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு மெஷினின் பாய்லரிலும், ஊசி மாதிரி இருக்கும் குழாயிலும் படிந்தால் தண்ணீர் வராது, சூடு ஏறாது, கடைசியில் ஹீட்டர் போய்விடும்.

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்திய தர அமைப்பு. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. மனிதன் 600-ஐ குடித்துவிடுவான், மெஷின் தாங்காது! எனவே விற்பவரிடம் "என்ன தண்ணீர் ஊத்துனீங்க? கடைசியா எப்போ உப்பு எடுத்தீங்க?" என்று கேளுங்கள். தண்ணீர் டேங்கின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே வெள்ளை அப்பி இருந்தால் உள்ளேயும் அப்படித்தான்.

வோல்டேஜில் உஷார்!

நம் ஊர் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர், மலேசியா, துபாய் மெஷின்கள் இதற்கு ஒத்துப்போகும். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்க மெஷின் 120 வோல்ட். அதை இங்கே நேராக சொருகினால் ஹீட்டரில் சூடு கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறி, கருகிவிடும். அதற்கு தனி டிரான்ஸ்பார்மர் வாங்கினால் லாபம் அதிலேயே போச்சு. மெஷினின் அடியில் ஒட்டி இருக்கும் தகட்டில் வோல்டேஜ் எழுதி இருக்கும். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

வீட்டு மெஷின் ஆயிரம், 1,500 வாட்ஸ் இழுக்கும். எர்த் உள்ள பெரிய பிளக் பாயிண்டில்தான் மாட்ட வேண்டும். தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற சாமான் இது. எர்த் இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து.

கையோடு செய்ய வேண்டிய டெஸ்ட்

* நீங்கள் போகும்போது மெஷின் ஜில்லென்று இருக்க வேண்டும். முன்னாலேயே சூடு பண்ணி வைத்திருந்தால் ஏதோ கோளாறை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

* கரண்ட் போட்டதும் டிரிப் ஆகிறதா, தொட்டால் ஜிவ்வென்று அடிக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

* காபிப் பொடி போட்டு 2 தடவை இறக்கச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர் வருவதைக் காட்டினால் நம்பாதீர்கள். பொடி இருந்தால்தான் பம்பின் பலம் தெரியும்.

* கைப்பிடி மாட்டும் இடத்தில் ஓரமாகத் தண்ணீர் கசிந்தால் ரப்பர் வாஷர் போயிருக்கிறது. அது சின்ன செலவு. அடிப்பக்கம் சொட்டினால் பாய்லரோ குழாயோ. அது பெரிய செலவு.

* நீராவிக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பாலை நுரைக்க வையுங்கள். பாதியில் வேகம் குறைந்தால் யோசியுங்கள்.

* 20 நிமிடம் ஓட விட்டு மறுபடி ஒரு காபி போடுங்கள். சூடான பிறகு மக்கர் பண்ணுவதுதான் பழைய மெஷினின் குணம்.

ஒரு எச்சரிக்கை. சூடாக இருக்கும்போது நீராவி மெஷினின் மூடியையோ, காபி இறங்கும்போது கைப்பிடியையோ திறக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

பில் இல்லையா, வேண்டாம்!

கடைக்காரர் "ரீபர்பிஷ்டு" என்று சொன்னால் என்னென்ன மாற்றினார் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். துடைத்து பாலீஷ் போட்டது எல்லாம் ரீபர்பிஷ்டு ஆகாது. எத்தனை மாத வாரண்டி, உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். இத்தாலியில் இருந்து வாஷர் வர வேண்டும் என்றால் மெஷின் பரணில்தான் கிடக்கும்.

கடையில் ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் 2 ஆண்டுக்குள் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு கட்டணம் கிடையாது. ஆனால் தன் வீட்டு சாமானை விற்கும் தனி ஆள் மீது இந்த வழி செல்லாது. அங்கே உங்கள் கண்ணும் காதும்தான் வாரண்டி.

ஆன்லைனில் படம் பார்த்து அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். அதேபோல பணம் திருப்பித் தருகிறேன், கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்றால் அது மோசடி. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. மெஷினோடு செலவு முடியாது. நம் பில்டர் பொடியை விட நைசாக, சிக்கரி கலக்காத பொடி வேண்டும். அதற்கு அரவை மெஷின் வேண்டும். உப்பு எடுக்க மருந்து வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகும் விலை கட்டுப்படி ஆனால் தாராளமாக வாங்குங்கள். ஆகாவிட்டால் கவலை வேண்டாம். கரண்ட் இல்லாமலே டிகாஷன் இறக்கும் பித்தளை பில்டர் இருக்கவே இருக்கிறது!