தேர்தல் முடிந்த மறுநாள் தொண்டர்கள் எங்கே போகிறார்கள்?

2004 ஜனவரி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எலும்பை நடுக்கும் குளிர். ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி போட்ட ஆயிரக்கணக்கானோர் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் வந்து குவிந்த தொண்டர்கள் அவர்கள். ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக அவர்கள் கொண்டுவர நினைத்தவர் ஹோவர்ட் டீன், வெர்மான்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். ஈராக் போரை ஆரம்பத்திலேயே எதிர்த்துப் பேசியவர். ஒரு வருடத்துக்கு முன்பு சில நூறு ஆதரவாளர்களே இருந்த அவரோடு இப்போது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் மாதம் ஒரு புதன்கிழமை காபிக் கடையிலும் நூலகத்திலும் கூடிப் பேசினார்கள். 2003-ல் மட்டும் சுமார் 4 கோடி டாலர் திரண்டது. பெரும்பகுதி சிறுகச் சிறுக வந்த பணம்.

ஜனவரி 19 இரவு டீன் மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டார். ஜான் கெர்ரிக்கு 38 சதவீதம், இவருக்கு 18. அன்றிரவு மேடையில் அவர் எழுப்பிய கூச்சலைத் தொலைக்காட்சிகள் சலிக்கச் சலிக்கக் காட்டின. அந்தக் கூச்சல்தான் அவரைக் கவிழ்த்தது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால், கூச்சலுக்கு முன்பே ஓட்டு எண்ணி முடித்தாகிவிட்டது.

அயோவாவில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த முறை வித்தியாசமானது. ரகசிய வாக்குச் சீட்டு கிடையாது. குளிர்கால இரவில் பள்ளிக்கூட அரங்கிலோ தேவாலய மண்டபத்திலோ அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். கெர்ரியின் ஆட்கள் ஒரு மூலையில், டீனின் ஆட்கள் இன்னொரு மூலையில். எந்த அணியில் 15 சதவீதம் பேர் தேறவில்லையோ, அந்த அணி கலைந்து வேறு அணியில் சேர வேண்டும். அந்த நேரத்தில் வந்து தோளில் கை போட்டு அழைப்பவர் அடுத்த தெருக்காரராகவோ பிள்ளையின் ஆசிரியராகவோ இருந்தால் அந்தப் பேச்சு எடுபடும். ஆரஞ்சுத் தொப்பிக்காரர்களோ வெளியூர்க்காரர்கள். மண்டபத்துக்குள் நின்று ஓட்டுப் போட அவர்களுக்கு உரிமையே இல்லை. அவர்களுடைய உழைப்பில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை எங்கே செலவழிப்பது என்பதில்தான் கணக்குத் தவறியது.

பிப்ரவரியில் டீன் போட்டியிலிருந்து விலகினார். வழக்கமாக இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். அலுவலகம் பூட்டப்படும், தொண்டர்களின் முகவரிப் பட்டியல் அடுத்த வேட்பாளருக்குக் கைமாறும், தொண்டர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். டீன் அப்படி விடவில்லை. மார்ச் மாதமே தன் பிரசார அமைப்பை ‘டெமாக்ரசி ஃபார் அமெரிக்கா’ என்று மாற்றினார். எனக்காக உழைத்தது போதும், இனி உங்கள் ஊரில் நீங்களே நில்லுங்கள் என்பதுதான் தொண்டர்களுக்கு அவர் சொன்னதன் சாரம். பள்ளி வாரியம், நகர மன்றம், மாநிலச் சட்டமன்றம் என்று பல மட்டங்களில் நின்றவர்களில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்து ‘டீன் டஜன்’ என்ற பெயரில் முதல் பட்டியலை வெளியிட்டார். அதில் செனட்டுக்குப் போட்டியிட்ட இல்லினாய்க்காரர் ஒருவரும் இருந்தார். பெயர் பராக் ஒபாமா.

செய்திகளில் அதிகம் வராத இன்னொரு வேலையும் நடந்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒவ்வொரு வாக்குச்சாவடி வட்டாரத்துக்கும் கட்சிப் பிரதிநிதி பதவி ஒன்று உண்டு. சம்பளம் கிடையாது, பெருமையும் கிடையாது. ஆள் இல்லாமல் பல வட்டாரங்களில் அது காலியாகவே கிடக்கும். அக்கம்பக்கத்தில் சில கையெழுத்துகள் வாங்கி மனு கொடுத்தாலே பல இடங்களில் பதவி கிடைத்துவிடும். ஆனால் மாவட்டக் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பிரதிநிதிகள்தான். டீனின் தொண்டர்கள் பலர் இந்த நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். கட்சியின் அடிமட்டம் அங்கே மெல்லக் கைமாறியது.

2005 பிப்ரவரியில் டீனே கட்சியின் தேசியக் குழுத் தலைவரானார். தோற்பது உறுதி என்று கைகழுவப்பட்ட மாநிலங்கள் உட்பட ஐம்பது மாநிலங்களிலும் சம்பளம் கொடுத்து முழுநேர ஊழியர்களை அமர்த்தினார். ஜெயிக்கக்கூடிய தொகுதிகளில் பணத்தைக் கொட்டாமல் இதென்ன வீண் செலவு என்று ராம் இமானுவேல் போன்ற தலைவர்கள் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். 2006-ல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கட்சியின் கைக்கு வந்தன. அதற்குப் போர் எதிர்ப்பு உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அதிபர் தேர்தலில் 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி ஜெயித்தே இராத இண்டியானாவை 2008-ல் ஒபாமா பிடித்தார் என்றால், அங்கே மூன்று வருடமாக ஆள் வைத்து வேலை பார்த்ததற்கும் அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஒபாமாவின் தொண்டர் படையைப் பயிற்றுவித்தவர்களில் முக்கியமானவர் மார்ஷல் கான்ஸ். 1964-ல் ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மிசிசிப்பி போனவர். பிறகு சீசர் சாவேஸின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் 16 வருடம் உழைத்தவர். அந்தச் சங்கத்தின் அடிப்படைக் கருவி வீட்டுக் கூட்டம். ஒருவர் தன் வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பத்துப் பேரை அழைப்பார். காபி கொடுப்பார். தான் ஏன் இந்த வேலையில் இறங்கினேன் என்று தன் வாழ்க்கையிலிருந்து சொல்வார். வந்தவர்களையும் பேசவைப்பார். கலைவதற்கு முன், அடுத்த கூட்டத்தைத் தன் வீட்டில் நடத்த யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும். ஃப்ரெட் ராஸ் என்ற அமைப்பாளர் 1950-களில் கலிபோர்னியாவில் இப்படித்தான் மெக்சிகோ வம்சாவளி மக்களைத் திரட்டினார்; சாவேஸும் அவர் கண்டெடுத்தவர்தான். அதே முறை 2007-ல் ‘கேம்ப் ஒபாமா’ பயிலரங்குகளுக்கு வந்து சேர்ந்தது. வட்டாரக் குழுத் தலைவர் பொறுப்பு கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. வீட்டுக் கூட்டம் நடத்தி, ஆள் சேர்த்துக் காட்டியவருக்கே கொடுத்தார்கள்.

வெற்றிக்குப் பிறகு ஒபாமாவின் கையில் 1 கோடியே 30 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. இவர்களைத் தனி இயக்கமாக நிற்க விடுங்கள் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. அதை ஏற்கவில்லை. 2009 ஜனவரியில் ‘ஆர்கனைசிங் ஃபார் அமெரிக்கா’ என்ற பெயரில் அந்தப் படை கட்சியின் தேசியக் குழுவுக்குள் அடக்கப்பட்டது. டீனின் ஐம்பது மாநில ஏற்பாடும் கைவிடப்பட்டது. வீட்டுக் கூட்டம் நடத்திய தொண்டர்களிடம் இப்போது, எம்.பி.க்கு போன் செய்யுங்கள், மனுவில் கையெழுத்திடுங்கள், நன்கொடை அனுப்புங்கள் என்று மேலிருந்து கேட்டார்கள். மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்காக அவர்கள் உழைத்தது உண்மை. ஆனால், அந்தச் சட்டத்துக்கு முட்டுக்கட்டை போட்ட சொந்தக் கட்சி செனட்டர்களை, கட்சியின் கிளை அமைப்பு எப்படி எதிர்த்து நிற்கும்? 2010 ஜனவரியில் எட்வர்டு கென்னடி சாகும்வரை வைத்திருந்த மாசசூசெட்ஸ் செனட் இடம் பறிபோனது. நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் 63 இடங்கள் போயின. தொண்டர்களை அப்படி உட்காரவைத்ததுதான் அந்த ஆட்சியின் ஆகப்பெரிய அரசியல் பிழை என்பது என் உறுதியான எண்ணம்.

அதே காலத்தில் எதிர்முகாமில் நடந்ததைப் பாருங்கள். எனக்கு உடன்பாடில்லாத அரசியல்தான். ஆனாலும் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. 2009-ல் முளைத்த டீ பார்ட்டி என்ற வலதுசாரி இயக்கத்தின் உள்ளூர்க் குழுக்கள் ஏறக்குறைய ஆயிரம் என்று தீடா ஸ்காச்பால், வனெஸா வில்லியம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஓய்வு பெற்றவர்கள். உணவகத்திலும் நூலகத்திலும் தவறாமல் கூடினார்கள். மசோதாவை வரி வரியாகப் படித்தார்கள். குடியரசுக் கட்சியின் காலி வட்டாரப் பதவிகளை நிரப்பினார்கள். 2014 மே மாதம் வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சி எம்.பி. எரிக் கேன்டரின் ஆள் தொகுதிக் கட்சித் தலைவர் தேர்தலில் தோற்றார். தேசியப் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மாதத்தில், பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரான கேன்டரே, பணபலத்தில் தன் அருகில்கூட வர முடியாத ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் உட்கட்சித் தேர்தலில் தோற்றார். அந்தப் பதவியில் இருந்த எவருக்கும் அதற்கு முன் அப்படி நேர்ந்ததில்லை.

2016-ல் டிரம்ப் ஜெயித்தபோது இந்தப் பாடத்தைப் படித்து வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். நாடாளுமன்ற அலுவலகங்களில் வேலை பார்த்த லியா கிரீன்பெர்க்கும் எஸ்ரா லெவினும் டீ பார்ட்டியின் உத்திகளை அலசி, ‘இன்டிவிசிபிள்’ என்ற கையேட்டை டிசம்பரில் வெளியிட்டார்கள். சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கான குழுக்கள் எழுந்தன. யாரும் அவற்றுக்கு ஆள் நியமிக்கவில்லை; ஊரார் தாங்களே தொடங்கினார்கள்.

டீனின் அமைப்பு 2022 முடிவில் மூடப்பட்டது. அதற்காக நான் வருந்துகிறேன். ஆனாலும் தொண்டர்களை வைத்து இயக்கம் கட்ட நினைப்பவர்கள் அதன் முதல் இரண்டு வருடங்களைக் கூர்ந்து படிக்க வேண்டும். நவம்பரில் தேர்தல் முடிந்தால், ஜெயித்தாலும் தோற்றாலும், டிசம்பர் பிறப்பதற்குள் அந்தந்த ஊரில் கூட்டம் போட வேண்டும். முகவரிப் பட்டியலை உள்ளூர்க் குழுவின் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கூட்டத்தில் அடுத்த அதிபர் வேட்பாளர் யார் என்ற பேச்சே வேண்டாம். மாவட்டக் குழுவில் எந்தெந்த வட்டாரப் பதவிகள் காலியாக இருக்கின்றன, அடுத்து வரும் பள்ளி வாரியத் தேர்தலில் யார் நிற்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பெயர் எழுதிய பிறகே எழுந்திருக்க வேண்டும்.